களைப்பை அளந்தவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (இதை எழுத அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதிக்கோ, ஆனா என் போட்டோவப் போட்டுறாத" என்பதுதான் நிபந்தனை.) ஏழெட்டு மாதமாக ஒரே அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது, மாத்திரையில் அதுவும் ஏறிவிட்டது. அசதி மட்டும் இறங்கவில்லை.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். என் கடைசி வகுப்புப் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். போனைப் பார்த்துக்கொண்டு 11 கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டார். அடிக்கடி ஓய்வு எடுக்கத் தோன்றுகிறதா, ஒரு வேலையைத் தொடங்கவே கஷ்டமாக இருக்கிறதா, கை கால் பலம் குறைந்த மாதிரி இருக்கிறதா, பேசும்போது சரியான வார்த்தை வராமல் போகிறதா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: வழக்கத்தை விடக் குறைவு, வழக்கம்போல, வழக்கத்தை விட அதிகம், மிக அதிகம். அக்கா பதினொன்றுக்கும் "வழக்கம்போலத்தாம்மா" என்றார். கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் பூஜ்யம்! அதாவது களைப்பே இல்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன். இந்த 11 கேள்விகளை யார் உண்டாக்கினார்கள், களைப்புக்கு எப்படி மார்க் போட ஆரம்பித்தார்கள் என்று தேடப்போய், ஒரு மாதம் இதிலேயே மூழ்கிவிட்டேன். தேடிக்கொண்டே போனால் கதை நம் வகுப்பறைக்கு வந்து நிற்கிறது! அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோசோ என்று ஓர் உடலியல் அறிஞர். தச்சுத் தொழிலாளியின் மகன். 1880களில் அவர் எர்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். முன்கையை மேசையில் அசையாமல் கட்டிவிடுவார்கள். நடுவிரலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் சில கிலோ எடை. இரண்டு விநாடிக்கு ஒரு முறை விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். எவ்வளவு உயரம் தூக்கினோம் என்பதை ஒரு முள், கரி பூசிய காகிதத்தில் கோடாகக் கீறும். முதலில் கோடுகள் உயரமாக இருக்கும், போகப் போகக் குட்டையாகும், கடைசியில் விரல் அசையாது. அந்தக் கோடுகளின் நுனிகளைச் சேர்த்தால் ஒரு வளைவு வரும். சிலருக்குச் சட்டென்று விழும், சிலருக்கு மெதுவாக இறங்கும். கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் வேறு என்கிறார் மோசோ.

அவருடைய "களைப்பு" என்ற நூல் 1891ல் வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அவருடைய சக ஆசிரியர் மஜ்ஜோராவை வைத்துச் செய்தது. ஒரு நாள் காலையில் அவர் விரலின் வளைவை எடுத்தார்கள். பிறகு அவர் போய் மாணவர்களுக்குச் சில மணி நேரம் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்தார். மறுபடி எடுத்துப் பார்த்தால் கோடுகள் பாதியிலேயே படுத்துவிட்டன. கை எந்த வேலையும் செய்யவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கேள்விதான் கேட்டார், ஆனாலும் விரல் ஓய்ந்துவிட்டது. மூளை உழைத்தால் உடம்பும் களைக்கும் என்பதற்கு அவர் காட்டிய சான்று இது. பரீட்சையில் களைத்தது மாணவனல்ல, வாத்தியார்! பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்த எவருக்கும் இதற்குக் கருவி தேவையில்லை.

இதற்குக் கொஞ்சம் முன்னால், 1869ல், அமெரிக்காவில் ஜார்ஜ் பியர்ட் என்ற டாக்டர் "நியூரஸ்தீனியா" என்ற பெயரைப் பிரபலமாக்கியிருந்தார். நரம்புச் சக்தி தீர்ந்துபோவது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி இறங்கின மாதிரி. காரணம் என்ன என்றால் நீராவி, தந்தி, செய்தித்தாள், அறிவியல், அதோடு பெண்கள் மூளையால் உழைப்பது என்று ஒரு பட்டியல் போட்டார்! களைப்புக்கு நாகரிகத்தைக் குற்றம் சொன்னவர் பெண்கள் படிப்பதையும் அதில் சேர்த்துவிட்டார். இதே காலத்தில் வெயர் மிட்செல் என்பவர், களைத்த பெண்களைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று வைத்தியம் செய்தார். அந்த வைத்தியத்தில் சிக்கி மீண்டவர் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய "மஞ்சள் சுவர்த்தாள்" என்ற கதை 1892ல் வெளிவந்தது. கிடைத்தால் படியுங்கள், ராத்திரியில் வேண்டாம்.

இனி நம் வகுப்பறை.

ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்கு எபிங்காஸ் பெயர் மறக்காது. மறத்தல் வளைகோட்டுக்காரர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, 1885ல் புத்தகம் போட்டவர். அவர் களைப்புக்காகவும் ஒரு வேலை செய்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அன்றைய ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்து நாட்டின் வ்ரோட்ஸ்வாஃப்) பள்ளிகள் காலையில் தொடங்கி ஐந்து மணி நேரம் தொடர்ந்து நடந்தன. பிள்ளைகளுக்கு இது தாங்குமா என்று நகரத்தில் கேள்வி எழுந்தது. ஆராய்ந்து சொல்லுங்கள் என்று எபிங்காஸிடம் வந்தார்கள்.

அவர் மூன்று வகைச் சோதனை வைத்தார். ஒன்று சின்னச் சின்னக் கணக்குகள். இன்னொன்று எண்களைக் கேட்டுத் திருப்பி எழுதுவது. மூன்றாவதுதான் முக்கியம்: ஒரு பத்தியில் அங்கங்கே சொற்களையும் எழுத்துகளையும் எடுத்துவிட்டு, விட்ட இடத்தை நிரப்பச் சொன்னார். ஆமாம் பிள்ளைகளே, "கோடிட்ட இடத்தை நிரப்புக" தான்! முப்பது வருஷத்துக்கு மேல் நான் உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டது, குழந்தைக்குக் களைப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்காக உருவானது. 1897ல் முடிவுகளை வெளியிட்டார். களைப்பை அது பிரமாதமாக அளக்கவில்லை. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் தடுமாறுகிற பிள்ளையையும் நன்றாகப் பிரித்துக் காட்டியது. அதனால் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே 1905ல் நுண்ணறிவுச் சோதனை தயாரித்தபோது இந்த வகைக் கேள்வியையும் எடுத்துக்கொண்டார். களைப்பைத் தேடப் போனவர்கள் கையில் புத்திசாலித்தனத்துக்கான அளவுகோல் கிடைத்தது. பள்ளிக்கூடங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன, களைப்பை மறந்துவிட்டன.

அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பள்ளிக் களைப்பு ஒரு பெரிய விவாதம். கிரீஸ்பாக் என்பவர் 1895ல் காம்பஸ் மாதிரி ஒரு கருவியின் இரண்டு முனைகளையும் பிள்ளைகளின் தோலில் வைத்து, இரண்டாகத் தெரிகிறதா ஒன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார். களைத்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அந்த முறையை வைத்து வாக்னர் என்ற ஆசிரியர் பாடங்களுக்கே மார்க் போட்டார். கணக்குக்கு 100, லத்தீனுக்கு 91, கிரேக்கத்துக்கு 90, உடற்பயிற்சிக்கும் 90, வரலாற்றுக்கு 85, ஓவியத்துக்கு 77. உடற்பயிற்சி கிரேக்க மொழிக்குச் சமமாகக் களைப்பூட்டும் என்பதைப் பாருங்கள். பி.டி. பீரியடில் பிள்ளைகள் "ஓய்வு எடுக்கிறார்கள்" என்று நினைத்து அடுத்த மணியில் டெஸ்ட் வைத்த பாவிகளில் நானும் ஒருத்தி.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்துவிடும் ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். அவனுடைய முன்னேற்ற அட்டையில் "சோம்பல்" என்று சிவப்பு மையில் எழுதினேன். அவன் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து பால் கேன் ஏற்றப் போகிறான் என்பது வருஷக் கடைசியில்தான் தெரிந்தது. தம்பி, நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய், பெயர் சொல்லமாட்டேன். எபிங்காஸ் அளந்ததில் பத்தில் ஒரு பங்குகூட நான் அளக்கவில்லை.

அடுத்து தொழிற்சாலை. முதல் உலகப்போரில் இங்கிலாந்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் ஞாயிறும் ஓய்வில்லாமல் ஓடின. 1915ல் ஒரு குழு அமைத்துப் பார்த்தபோது, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உற்பத்தி அதற்கேற்பக் கூடுவதில்லை, நேரத்தைக் குறைத்தால் பல இடங்களில் குறைவதுமில்லை என்று தெரிந்தது. 1918ல் தொழிற்சாலைக் களைப்பை ஆராயவே ஒரு வாரியம் வைத்தார்கள். அதில் வேலை செய்த ஆஸ்திரேலியர் பெர்னார்ட் மஸ்சியோ 1921ல் ஒரு கட்டுரை எழுதினார். களைப்புக்கு ஒரு சோதனை சாத்தியமா என்பதே தலைப்பு. அவர் வாதம் எளிமையானது. ஒரு சோதனை களைப்பைச் சரியாக அளக்கிறது என்று எப்படிச் சரிபார்ப்பாய்? களைப்பு எவ்வளவு என்பது உனக்கு வேறு வழியில் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் சோதனை எதற்கு? தெரியாவிட்டால் சோதனையை எதோடு ஒப்பிடுவாய்? ஆகவே களைப்பு என்ற சொல்லையே துல்லியமான அறிவியலிலிருந்து விலக்கிவிடுங்கள், சோதனை தேடுவதையும் விடுங்கள் என்று முடித்தார். நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துவிட்டார். நூறு வருஷம் ஆகியும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் கேம்பிரிட்ஜில் விமானிகளை ஒரு போலி விமான அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பார்ட்லெட் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். களைத்த விமானிக்கு வேலை ஓடும், ஆனால் ஓரத்தில் இருக்கிற எரிபொருள் முள்ளைக் கவனிக்க மாட்டார். தான் நன்றாகத்தான் ஓட்டுகிறோம் என்று நினைப்பார். களைத்தவரைக் கேட்டால் களைப்பு தெரியாது, கருவியை வைத்தாலும் பிடிபடாது. பிறகு யாரைத்தான் கேட்பது?

கடைசியில் டாக்டர்கள் கைக்கு வந்தது. அங்கேதான் சண்டையும் வந்தது.

1955 ஜூலை 13ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு தொற்று மாதிரி தொடங்கியது. நர்சுகள், டாக்டர்கள், ஊழியர்கள் என்று அந்த வருஷம் 292 பேர் விழுந்தார்கள். காய்ச்சல், தலைவலி, தசைவலி, பிறகு விடாத களைப்பு. மருத்துவமனையை அக்டோபர் வரை மூடியே வைக்க வேண்டியதாயிற்று. 15 வருஷம் கழித்து, 1970ல், மக்எவெடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய நோயாளிக் குறிப்புகளை எடுத்துப் படித்தார்கள். நோயாளிகளில் ஒருவரையும் நேரில் பரிசோதிக்கவில்லை. இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. (இந்த பியர்ட் வேறு, நூறு வருஷத்துக்கு முந்தின பியர்ட் வேறு. ஆனாலும் பெண்கள் என்றதும் இரண்டு பியர்டுகளும் ஒரே பக்கம் திரும்பியது விசித்திரம்தான்.) அங்கே நோயாளிகளைக் கண்ணால் பார்த்த டாக்டர் மெல்வின் ராம்சே கடைசிவரை அதை ஏற்கவில்லை.

1988ல் அமெரிக்காவில் "நாட்பட்ட களைப்பு நோய்" என்று பெயர் வைத்து இலக்கணம் வகுத்தார்கள். அடுத்த சில வருஷங்களில் கேள்வித்தாள்கள் வந்துவிட்டன. 1993ல் லண்டனில் ட்ரூடி சால்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்டதுதான் எங்கள் டாக்டர் கேட்ட கேள்விகள். பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, சாதாரணக் குடும்ப மருத்துவரிடம் புதிதாகப் பதிவு செய்த 274 பேரை வைத்துச் சோதித்தார்கள். முதலில் 14 கேள்விகள், பிறகு 11. ஏழு உடம்புக் களைப்புக்கு, நான்கு மனக் களைப்புக்கு. "வழக்கம்போல" வரை பூஜ்யம், அதற்கு மேல் ஒன்று என்று கூட்டினால், நான்கும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய களைப்பு.

அடுத்த வருஷமே இந்த அளவுகோலைத் தெற்கு இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களின் பட்டியலில் இருந்த 31,651 பேருக்குத் தபாலில் அனுப்பியதன் முடிவு வந்தது. பதில் போட்டவர்கள் 15,283 பேர். அவர்களில் 100க்கு 18 பேருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ கணிசமான களைப்பு. உயரம், எடை மாதிரி களைப்பும் கொஞ்சம் முதல் நிறைய வரை பரவிக் கிடக்கிறது, இந்தக் கோட்டுக்கு மேல் நோய், கீழே ஆரோக்கியம் என்று பிரிக்க இயற்கை எந்தக் கோடும் போடவில்லை என்றார்கள். எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. 35க்கும் 34க்கும் நடுவில் கோடு போட்டு ஒரு பிள்ளையைப் பெயில் ஆக்கியவர்களுக்குத் தெரியும் அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று.

கோடு போடுவதில் எவ்வளவு தகராறு வரும் என்பதற்கு இங்கிலாந்தில் 641 நோயாளிகளை வைத்து நடந்த பேஸ் ஆய்வே சாட்சி. 2011ல் முடிவு வந்தது. மனச் சிகிச்சையும், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுவதும் பலன் தருகின்றன என்றார்கள். நோயாளிகள் சும்மா இருக்கவில்லை, எண்களைத் தோண்டினார்கள். உடல் இயக்கத்துக்கான ஓர் அளவில் 65ம் அதற்குக் கீழும் இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். அதே அளவில் 60 எடுத்தாலே "தேறியவர்" வரம்புக்குள் வந்துவிடலாம்! 62 மார்க்கோடு சேர்ந்தவர் ஒன்றும் மாறாமலே அந்தப் பாடத்தில் பாஸ். தரவுகளைக் கேட்டு ஒரு நோயாளி தீர்ப்பாயம் வரை போய் 2016ல் வென்றார். 2021ல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு, அந்த மாதிரி உடற்பயிற்சியை இந்த நோய்க்குப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. சால்டர் அளவுகோலின் மேலும் குறை உண்டு. ஏற்கெனவே பதினொன்றுக்குப் பதினொன்று வாங்கியவர் இன்னும் மோசமானால் அதைக் காட்ட அதில் இடமே இல்லை.

ஆனால் களைப்பு என்பது உடம்பா மனமா என்ற சண்டையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஆசியாவில் நடந்த இரண்டு ஆய்வுகள்.

சீனாவில் நியூரஸ்தீனியா என்ற பெயர் மேற்கில் வழக்கொழிந்த பிறகும் நிலைத்து நின்றது. 1980ல் ஹூனானில் அந்தப் பெயர் சூட்டப்பட்ட 100 பேரை ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஆராய்ந்தார். 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கலாச்சாரப் புரட்சியில் அடிபட்டு மீண்ட ஊரில் "எனக்கு மனசு சரியில்லை" என்பது ஆபத்தான வாக்கியம். "உடம்பு ஓய்ந்துவிட்டது" என்பதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொன்று நம் நாட்டில், கோவாவில். விக்ரம் படேலும் மற்றவர்களும் 2005ல் வெளியிட்டது. 18 முதல் 50 வயது வரையான சுமார் 2500 பெண்கள். 100க்கு 12 பேருக்கு ஆறு மாதத்துக்கு மேலான களைப்பு. நாம் என்ன சொல்வோம்? ரத்தசோகை, முருங்கைக்கீரை சாப்பிடு என்போம். அவர்கள் ரத்தத்தையும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் அளவுக்கும் களைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது எவற்றோடு என்றால், குறைந்த படிப்பு, வீட்டுக் கடன், கணவனின் பலாத்காரம், வீட்டில் எதையும் தானே முடிவு செய்ய முடியாத நிலை, கவலை, மனச்சோர்வு. (கீரை சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்தம் பார்க்காமலும் இருக்காதீர்கள்.)

சரி, அக்காவின் பூஜ்யத்துக்கு வருகிறேன். "வழக்கம்போல" என்ற விடையில் உள்ள ஓட்டை புதிதல்ல. டேவிட் கோல்ட்பர்க் 1972ல் குடும்ப மருத்துவர்களுக்காகத் தந்த மனநலக் கேள்வித்தாளிலும் விடைகள் இந்தப் பாணிதான். பல வருஷமாகக் கஷ்டத்திலேயே இருப்பவருக்குக் கஷ்டமே வழக்கம். அவர் "வழக்கம்போல" என்று உண்மையைச் சொல்லி, நோயில்லாதவர் பட்டியலில் போய்விடுவார். 1985ல் இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து, அந்த மாதிரிக் கேள்விகளில் "வழக்கம்போல" என்பதற்கும் ஒரு மார்க் கொடுங்கள் என்றார்கள். சால்டர் தாளிலும் மேலே ஒரு குறிப்பு இருக்கிறது: ரொம்ப நாளாகக் களைப்பாக இருப்பவர்கள், கடைசியாக நன்றாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. "அம்மா, நீங்க கடைசியா எப்ப நல்லா இருந்தீங்க?" என்று கேட்டார்.

அக்கா யோசித்தார். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள், டாக்டர் அவசரப்படுத்தவில்லை. "பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடிம்மா" என்றார் அக்கா. பெரியவனுக்கு இப்போது 45 வயது.

மறுபடி 11 கேள்விகள். இந்த முறை 9.

அதற்குப் பிறகு டாக்டர் தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் யார், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். மாமா படுக்கையில் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது அக்கா என்பது, பக்கத்துத் தெருவில் இருக்கிற எனக்கே அன்றுதான் தெரியும். அக்காவுக்கு 68 வயது. மாத்திரை ஒன்று எழுதினார், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். "ராத்திரி ஒரு ஆள் மாத்தி வைக்க முடியுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சனி, ஞாயிறு ராத்திரி நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன், மூன்று வாரமாக நடக்கிறது. திங்களும் புதனும் சின்னவன் வேலை முடிந்து நேரே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். செவ்வாய், வியாழன், வெள்ளி காலியாக இருக்கிறது. உறவுகள் யாருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று எனக்குப் போனில் சொல்லுங்கள். இங்கே கமென்ட்டில் போடாதீர்கள், அக்கா பார்த்தால் "எனக்கொண்ணுமில்ல, வழக்கம்போலத்தான்" என்று எல்லோரையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.